பழைய பீரங்கிப் பயிற்சிக் களம்: கள நாட்குறிப்பு

பிப்ரவரி 3

இன்று முழுவதும் காகித வேலைதான். இங்கே பீரங்கிப் பயிற்சி நடந்த காலத்து வரைபடங்களையும் வான்வழிப் படங்களையும் அருகருகே விரித்துப் பார்த்தோம். வரைபடத்தில் இலக்கு ஒரு சிறு வட்டமாக இருக்கிறது. படத்திலோ குழிகள் அந்த வட்டத்தைத் தாண்டி, சுட்ட திசையிலேயே நீண்டு கிடக்கின்றன. இலக்குக்கு முன்னே விழுந்தவையும் தாண்டிப் போனவையும் வரைபடத்தில் ஏறுவதில்லை. எனவே படத்தை நம்பியே, வெடிக்காமல் கிடக்கும் குண்டுகளைத் தேட வேண்டிய பகுதிக்கு எல்லை வரைந்தோம்.

பிப்ரவரி 6

புதர் வெட்டும் பகுதியில் முதலில் நாங்கள் நடந்து, தரையில் தெரிந்தவற்றுக்குக் கொடி நட்டோம். அதற்குப் பிறகே வெட்டுபவர்கள் உள்ளே வந்தார்கள்.

பிப்ரவரி 11

இரும்பு இருக்கும் இடத்தில் பூமியின் காந்தப்புலம் சற்றே மாறுபடும். அந்த மாறுபாட்டைத்தான் காந்தமானி அளக்கிறது. ஆழத்தில் கிடக்கும் பெரிய குண்டைக்கூட அது காட்டிவிடும், ஆனால் அலுமினியமும் பித்தளையும் அதற்குத் தெரியாது. மின்காந்தத் தூண்டலில் இயங்கும் கருவி எல்லா உலோகத்தையும் பிடிக்கும்; ஆழம் கூடக்கூட அதன் திறன் வேகமாகக் குறைந்துவிடும். தரக் கட்டுப்பாட்டுக் குழு எங்களுக்குச் சொல்லாமல் போலிக் குண்டுகளை, தேடும் நிலத்தைப் பிரித்திருக்கும் கட்டங்களில் புதைத்து வைத்திருக்கிறது. அவற்றில் ஒன்று தவறினாலும் அந்தக் கட்டம் முழுவதையும் மறுபடி தேட வேண்டும். கடுமையான விதிதான், ஆனால் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த விதியும் இதுவே.

பிப்ரவரி 19

மதியம் வரை வேலிக் கம்பியும் லாடமும் சிதறல் துண்டுகளும்தான் கிடைத்தன. இருந்தாலும் ஒவ்வொரு சிக்னலையும் வெடிகுண்டு என்றே எண்ணி, பக்கவாட்டில் தோண்டித்தான் நெருங்குகிறோம். பிறகு கரணையால் மண்ணை மெல்லச் சுரண்டும்போது 81 மி.மீ. மோர்ட்டார் குண்டின் வால் இறகுகள் தெரிந்தன. அவற்றின் நடுவே ஒரு வேர் புகுந்து வளர்ந்திருந்தது. கிடங்கில் இருக்கும் குண்டைவிட, சுட்டும் வெடிக்காமல் போன குண்டே ஆபத்தானது. சுடும் அதிர்விலேயே, குண்டை வெடிக்கத் தூண்டும் பகுதியான பியூஸின் பாதுகாப்புப் பூட்டுகள் கழன்றிருக்கலாம், அதன் பிறகு அதைத் தடுத்து நிறுத்தியிருப்பது எது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. மழையில் ஊறிய குண்டு இனி வெடிக்காது என்று மக்கள் நம்புவது எனக்குப் பெரும் கவலை தருகிறது. முதல் உலகப் போரில் விழுந்த குண்டுகள் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இன்றும் உழும்போது மேலே வருகின்றன, அவற்றில் பல இன்னும் வெடிக்கக்கூடியவை.

பிப்ரவரி 20

நேற்றைய குண்டை அசைக்கவில்லை. மணல் மூட்டைகள் அடுக்கி, வழிகளில் காவல் நிறுத்தி, அருகே வெடிமருந்து வைத்து, கிடந்த இடத்திலேயே அழித்தோம். புகை அடங்கியதும் குழியைக் கருவியால் மறுபடி சோதித்தோம்.

மார்ச் 2

ஒப்படைப்பு ஆவணம் எழுதினேன். 'குண்டுகள் அகற்றப்பட்டன' என்று மட்டும் எழுதினால் நிலம் வாங்குபவர் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்வார். நாங்கள் தேடி முடித்திருப்பது 30 செ.மீ. ஆழம் வரைதான், அது மேய்ச்சலுக்குப் போதும், அடித்தளம் தோண்டப் போதாது. ஆகவே ஆழத்தை முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் எழுதி, கட்டடம் வரவிருக்கும் வடகிழக்குக் கட்டங்களை இந்த ஒப்படைப்பிலிருந்து நீக்கிவிட்டேன். அங்கே ஆழமான ஆய்வு அடுத்த வாரம் தொடங்கும்.