நோயாளியைப் பார்க்காமல் அவர் கோப்பைப் படிக்கக் கற்ற இரண்டு ஆண்டுகள்

ஒன்பது ஆண்டுகள் கணக்கு எழுதும் வேலையில் இருந்த நான், சுகாதார அறிவியலை இணையவழியில் படித்து, இப்போது மருத்துவ ஆவணப் பிரிவு ஒன்றில் பணியாற்றுகிறேன். ஊசி போடுவதோ காயம் கட்டுவதோ இந்தப் பணியில் இல்லை. மருத்துவர் எழுதும் நோயறிதலைக் குறியீடாக மாற்றுவதும், கோப்பு முழுமையாக இருக்கிறதா என்று சரிபார்ப்பதும், காப்பீட்டுக் கோரிக்கைக்கும் நோய்ப் புள்ளிவிவரத்துக்கும் வேண்டிய தகவலைத் திரட்டித் தருவதுமே வேலை. இந்தப் படிப்பில் சேர எண்ணுபவர்களுக்குப் பயன்படும் என்பதால், நான் கடந்து வந்த வழியை எழுதுகிறேன்.

சேர்வதற்கு முன் எல்லாப் பயிற்சி நிலையங்களிடமும் இரண்டு கேள்விகளைக் கேட்டேன். இந்தப் படிப்பை முடித்தவர் தொழில்முறைச் சான்றிதழ்த் தேர்வை எழுதத் தகுதி பெறுவாரா? நேரடிப் பயிற்சிக்கான இடத்தை யார் ஏற்பாடு செய்வார்கள்? “வேலை உறுதி” என்று விளம்பரம் செய்த ஒரு நிலையம், மூன்று முறை கேட்டும் முதல் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை; கட்டணத்துக்கான கடைசி நாளை மட்டும் நினைவூட்டிக்கொண்டே இருந்தது. அங்கே சேராமல் விட்டது நான் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று.

முதல் பருவத்தில் உடற்கூறியலும் மருத்துவச் சொல்லியலும் இருந்தன. கிரேக்க, இலத்தீன் வேர்ச்சொற்களைப் பிரித்து அறிந்துகொண்டால் பாதிச் சுமை குறைந்துவிடும். ‘ஐடிஸ்’ என்று முடிந்தால் அழற்சி, ‘எக்டமி’ என்று முடிந்தால் வெட்டி அகற்றுதல். சிறுநீரகத்துக்குக் கிரேக்க வழியில் ‘நெஃப்ரோ’, இலத்தீன் வழியில் ‘ரீனல்’ என இரண்டு பெயர்கள் வழங்குவதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வாரம் ஆனது. குறிப்புகளைத் தமிழில் எழுதி வந்த எனக்கு ‘இலியம்’ என்ற சொல் ஒரு பாடம் கற்பித்தது. சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கும் இடுப்பெலும்பின் மேற்பகுதிக்கும் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துதான் வேறுபாடு. தமிழ் எழுத்தில் அந்த வேறுபாடும் மறைந்துவிடுகிறது. அன்று முதல் பெயரை மட்டும் எழுதாமல், ‘குடல்’ என்றோ ‘எலும்பு’ என்றோ பக்கத்திலேயே குறித்துவைக்கத் தொடங்கினேன்.

இரண்டாம் பருவத்தில் வந்த குறியீட்டுப் பாடமே படிப்பின் மையம். ஒவ்வொரு நோய்க்கும் ஒரு குறியீடு தரும், உலக சுகாதார நிறுவனத்தின் ‘நோய்களுக்கான பன்னாட்டு வகைப்பாடு’ என்ற தொகுப்பின் பத்தாம் பதிப்பில்தான் பயிற்சி நடந்தது. ஒவ்வொரு வாரமும் பெயர் நீக்கப்பட்ட மாதிரிக் கோப்புகள் வரும். அவற்றுள் ஒன்றை என்னால் மறக்க முடியாது. எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி குளியலறையில் விழுந்து, மணிக்கட்டை ஒட்டி ஆரை எலும்பு முறிந்து, தகடு பொருத்தும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். கோப்பின் முதல் பக்கம் முழுவதும் அவருடைய இரண்டாம் வகை நீரிழிவைப் பற்றியும் இரத்த அழுத்தத்தைப் பற்றியுமே இருந்தது. அதைப் பார்த்து, நீரிழிவுக்குரிய இ 11 என்ற குறியீட்டை முதன்மை நிலையாகப் பதிந்து அனுப்பினேன்.

ஆசிரியர் அதைத் திருப்பி அனுப்பி, “இந்த மருத்துவமனைச் சேர்க்கையில் அவருக்கு முதன்மையாக எதற்குச் சிகிச்சை நடந்தது?” என்று கேட்டிருந்தார். முதன்மை நிலை என்பது கோப்பில் அதிக இடம் பிடித்த நோய் அன்று. அந்தச் சேர்க்கையின் சிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ முதன்மைக் காரணமாக அமைந்த நிலை. ஆகவே எலும்பு முறிவுக்குரிய எஸ் 52.5 முன்னால் வரவேண்டும். விழுந்த விதத்துக்கான குறியீடு துணையாக வரவேண்டும். திருத்தி அனுப்பிய பிறகும் அவர் விடவில்லை. செவிலியர் குறிப்பின் கடைசி வரியைப் படித்தாயா என்று கேட்டார். காலையில் உணவு உண்ணாமல் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டதாகவும், விழுவதற்கு முன் வியர்த்துத் தலை சுற்றியதாகவும் அதில் எழுதியிருந்தது.

உடனே சர்க்கரைத் தாழ்நிலை என்று குறியிட என் கை துடித்தது. ஆனால் நோயை அறிந்து சொல்லும் உரிமை குறியீட்டாளருக்கு இல்லை. மருத்துவர் எழுதாத நோயறிதலை நாம் பதியக் கூடாது. விடையைத் திணிக்காத சொற்களில் ஒரு வினாக் குறிப்பு எழுதி மருத்துவருக்கு அனுப்புவதே முறை. அந்த மூன்று வரிக் குறிப்பை நான் நான்கு முறை திருத்தி எழுதினேன். அதை அனுப்பாவிட்டால் அந்த விபத்து வெறும் வழுக்கி விழுந்த கணக்கில் சேர்ந்துவிடும். மாத்திரையின் பங்கு எந்தப் புள்ளிவிவரத்திலும் தெரியாது.

நோய்ப்பரவியல் வகுப்பில் 1854ஆம் ஆண்டின் இலண்டன் காலராவைப் படித்தபோது இந்த எண்ணம் வலுப்பட்டது. காலரா குடிநீர் வழியாகப் பரவுகிறது என்று காட்டிய மருத்துவர் ஜான் ஸ்னோவின் புகழ் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நோய்க்கு மூலமாக இருந்த பிராட் தெரு நீரேற்றியைச் சுற்றி அவர் விசாரிப்பதற்கு, பதிவாளர் அலுவலகத்தில் பெற்ற இறப்புப் பட்டியல்தான் அடிப்படையாக இருந்தது. அதிலிருந்த 83 இறப்புகளைக் கொண்டே அவர் விசாரணையை நடத்தினார். முகவரியைப் பிழையின்றி எழுதிவைத்த எழுத்தர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. அவர்கள் வரிசையில்தான் நானும் சேர்ந்திருக்கிறேன் என்று அன்று உணர்ந்தேன். அதே வகுப்பில், சிகிச்சை சிறந்தால் ஒரு நோயுடன் வாழ்பவர்களின் எண்ணிக்கை குறையாமல் கூடவும் கூடும் என்பதையும் கற்றேன். எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சை 1996இல் வந்த பிறகு அப்படித்தான் நடந்தது; இறப்பு குறைந்ததால் நோயுடன் வாழ்பவர்கள் பெருகினார்கள். புதிய தொற்றையும் மொத்த நோயாளிகளையும் வேறுபடுத்தத் தெரியாமல் எந்த அறிக்கையையும் படிக்கக் கூடாது.

இணையத் தேர்வுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கேமராவைச் சுழற்றி அறை முழுவதையும் காட்டவேண்டும். எழுந்து போகக் கூடாது. ஒரு முறை இணைப்பு அறுந்து, தேர்வை மறுபடியும் எழுதினேன். அதைவிடக் கடினமாக இருந்தது தனிமை. பக்கத்து இருக்கையில் சந்தேகம் கேட்க யாரும் இல்லாததால், வாரம் இரு முறை உடன் படித்த மூவருடன் ஒரே கோப்பைத் தனித்தனியாகக் குறியிட்டு, விடைகள் மாறும் இடங்களை மட்டும் விவாதித்தோம். பதிவு செய்த விரிவுரைகளைவிட அந்த விவாதங்களே எனக்கு அதிகம் கற்றுத்தந்தன.

நேரடிப் பயிற்சியின் இரண்டாம் வாரத்தில், சேர்க்கைக் குறிப்பில் இடக் கை என்றும் அறுவைக் குறிப்பில் வலக் கை என்றும் இருந்த ஒரு கோப்பு என் மேசைக்கு வந்தது. மேற்பார்வையாளரின் ஒப்புதலோடு என் முதல் உண்மையான வினாக் குறிப்பை அனுப்பினேன். மறுநாள் திருத்தம் வந்தது. தவறான சொல் அழிக்கப்படவில்லை. படிக்கும்படி ஒற்றைக் கோட்டால் அடிக்கப்பட்டு, அருகில் சரியான சொல்லும் தேதியும் கையொப்பமும் இருந்தன.

இப்போது நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பைப் படித்து வருகிறேன். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அந்தப் பதிப்பில், தொடர்புடைய நிலைகளின் குறியீடுகளைச் சாய்கோட்டால் இணைத்து ஒரே கொத்தாக எழுதலாம். அந்த மூதாட்டியின் மாதிரிக் கோப்பை மீண்டும் எடுத்து, முறிவையும் வீழ்ச்சியையும், மருத்துவர் உறுதிசெய்தால் அதற்கு முந்தைய சர்க்கரைத் தாழ்நிலையையும் ஒன்றோடொன்று கோத்து எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.