ஆடியில் உறங்கி ஐப்பசியில் விழிக்கும் பெலார்கோனியம்

ஐப்பசி பிறந்து ஒரு வாரம். நேற்றுக் காலை கார்னோசம் என்ற என் பெலார்கோனியச் செடியின் தண்டு நுனியில் கடுகளவு பச்சை தெரிந்தது. பங்குனியிலிருந்து இதற்காகத்தான் காத்திருந்தேன்.

பாளையங்கோட்டையில் எங்கள் மொட்டை மாடியில் கார்னோசம், எக்கினேட்டம், கிரித்மிஃபோலியம் என்று மூன்று சதைத்தண்டு பெலார்கோனியங்கள் இருக்கின்றன. நீலகிரியில் வாசனை எண்ணெய்க்காகப் பயிரிடும் ஜெரேனியமும் இதே பேரினம்தான். இவற்றின் சொந்த ஊர் தென்னாப்பிரிக்காவின் மேற்குப் பக்கம். அங்கே பருவம் நமக்குத் தலைகீழ். மழை பெய்வது குளிர்காலத்தில், மே முதல் ஆகஸ்ட் வரை. கோடை முழுக்க வறட்சி. அதனால் குளிரில் தழைத்து, வெயில் ஏறியதும் இலையை உதிர்த்துத் தூங்கிவிடும். நமக்கும் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தானே? அந்தப் பொருத்தத்தை நம்பி 2021-ல் ஆரம்பித்தேன்.

பொருந்தாதது இரவுதான். அங்கே குளிர்கால இரவு 10 டிகிரிக்குக் கீழும் இறங்கும். என் மாடி வெப்பமானியில் மார்கழி இரவே 22 காட்டுகிறது.

முதல் வருடம் ஆடியில் ஒரு கார்னோசம் போய்விட்டது. குற்றாலத்தில் சாரல் விழும்போது எங்களுக்குக் காற்றும் எப்போதாவது நாலு தூறலும் வரும். தண்டு சுருங்கி நின்றதைப் பார்த்த ஆச்சிக்கு மனசு கேட்கவில்லை. "ஏல, இப்படிக் காயப்போட்டா உசுரு நிக்குமா?" என்று தினம் ஒரு செம்பு ஊற்றினாள். எனக்கும் அது சரியென்றே பட்டது. பத்தே நாளில் அடித்தண்டு கொழகொழத்து, வெட்டிப் பார்த்தால் உள்ளே பழுப்பு. இலை இல்லாத செடி தண்ணீரை இழுக்காது. ஈரம் அப்படியே நிற்க, அந்த வெக்கையில் வேர் அழுகிவிடுகிறது. ஆடிக் காற்றில் நமக்குத்தான் குளுமை, செடிக்கு அது இன்னும் கோடைதான்.

அப்புறம் மண்ணை மாற்றினேன். தேரி மணல் சிவப்பாக அழகாக இருக்கிறதே என்று போட்டுப் பார்த்தேன். பொடி மணல், நனைந்ததும் இறுகிவிட்டது. இப்போது சலித்த பருமணலும் செங்கல் துண்டும் முக்கால் பங்கு, மீதி மக்கிய இலை உரம். தொட்டி காருகுறிச்சி மண்தொட்டி. பிளாஸ்டிக்கைவிட இது சீக்கிரம் உலர்கிறது.

2023 டிசம்பர் 17, 18 பெருமழையைச் சொல்லாமல் இருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழைதான். தாமிரபரணி ஊருக்குள் வந்த நாளில் செடி ஞாபகம் யாருக்கு வரும்? எக்கினேட்டம் இரண்டு நாள் தண்ணீரிலேயே நின்றிருந்தது. அழுகாத நுனிகளை வெட்டி, நிழலில் ஐந்து நாள் உலர்த்தி, காய்ந்த மணலில் ஊன்றினேன். நான்கில் இரண்டு பிழைத்தன. தை மாதம் வெள்ளைப் பூவும் வந்தது, மேலிதழ்களில் செம்பொட்டோடு. அன்று ஆச்சியை நாற்காலி போட்டு மாடியில் உட்கார வைத்துக் காட்டினேன்.

நம் வயலில் சொல்லும் காய்ச்சலும் பாய்ச்சலும்தான் இதற்கும் முறை. ஆனால் காய்ச்சல் ஏழு மாதம். மாசிக் கடைசியில் இலை மஞ்சளானதும் தண்ணீரைக் குறைத்து, பங்குனியில் நிறுத்திவிட்டு, கிழக்குத் தாழ்வாரத்துக்கு மாற்றிவிடுகிறேன். விதை நாற்றுகளுக்கு மட்டும் மாதம் ஒருமுறை ஓரத்தில் இரண்டு ஸ்பூன். மழைக்காலத்திலும் செடியைத் திறந்தவெளியில் விடுவதில்லை. மாதத்தைப் பார்த்தும் ஊற்றக் கூடாது, மழையைப் பார்த்தும் ஊற்றக் கூடாது. துளிர் தெரிந்த பிறகுதான்.

கார்னோசத்துக்கு இன்று அரை டம்ளர் கொடுத்தேன். கிரித்மிஃபோலியம் இன்னும் கண் திறக்கவில்லை. அதற்கு இப்போதைக்குத் தண்ணீர் இல்லை.