சௌ பான் சிவப்பு மைக் குறிகள்: சொல் அட்டைகள் இதுவரை

வியட்நாமின் ஙுயென் பேரரசர்கள் (1802–1945) தங்களிடம் வந்த மனுக்களில் கைப்படச் சிவப்பு மையால் குறிப்புப் போட்டார்கள். அந்த ஆவணங்களுக்குப் பெயர் சௌ பான். ஹனோயின் முதலாம் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் இவை 2017-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றன. குறிகளின் பெயர்களைப் படத்தோடு ஆங்கி (மனப்பாட அட்டைகளுக்கான மென்பொருள்) அட்டைகளாக்குவதுதான் இந்த வேலை.

அகரவரிசை இதற்கு உதவாது. தூரிகை தாளில் எங்கே பட்டது, எப்படி ஓடியது என்று பார்த்தால் ஆறு சொல்லும் தானாகப் பிரிந்துவிடும். மனுவின் தலைப்பில் ஒற்றைப் புள்ளி வைத்தால் சௌ தியெம்: சம்மதம். பெயர் அல்லது பிரிவின்மேல் வட்டம் போட்டால் சௌ குயென்: ஏற்பு, சில சமயம் மெச்சல். பெயரின்மேல் ஓர் இழுப்பு சௌ மாத்: நிராகரிப்பு. வாசகத்தின்மேல் நேராக இறங்கும் கோடு சௌ சோ, பக்கத்தில் எழுதிய திருத்தம் சௌ காய். இவ்விரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால் ஒரே அட்டை போதும். சொல்லாகவோ பத்தியாகவோ கருத்தை எழுதினால் அது சௌ ஃபே.

குழப்பம் வருவது மாத்துக்கும் சோவுக்கும் இடையில்தான். இரண்டும் கோடுகள். பக்கத்தில் சிவப்பில் மாற்றுச் சொல் இருந்தால் சோ. ஆளையோ கோரிக்கையையோ தள்ளியிருந்தால் மாத். அட்டைப் படத்தை இறுக்கமாக வெட்டினால் இந்தத் தடயம் போய்விடும். இருபுறமும் ஒவ்வொரு வரி சேர்த்தே வெட்ட வேண்டும்.

கறுப்பு-வெள்ளைப் படத்தில் புள்ளியும் மைக்கறையும் ஒன்றுபோலத் தெரியும். வண்ணப் படம் இல்லாமல் தொடங்காதீர்கள். கிம்ப் என்னும் படத்திருத்த மென்பொருளில் படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்து, சிவப்பு அடுக்கிலிருந்து பச்சை அடுக்கைக் கழித்தால் கறுப்பு எழுத்து மறைந்து பேரரசரின் கைமட்டும் ஒளிரும். முதன்முறை பார்க்கும்போது உண்மையிலேயே மெய்சிலிர்க்கும். நீல அடுக்கைக் கழித்தால் பழுத்த தாளின் மஞ்சளும் கூடவே வந்து கெடுக்கும். முத்திரையும் சிவப்புதான், சதுர ஓரத்தை வைத்து அதை ஒதுக்கலாம்.

ஆவணங்கள் பெரும்பாலும் சீன எழுத்தில் இருப்பவை; அட்டையின் பின்புறம் குறியின் பெயருக்கான சீன எழுத்து கட்டாயம். ‘சௌ’ என்ற ஒரே லத்தீன் எழுத்துக்கூட்டலில் செந்நிறமும் வரும், முத்தும் வரும், ஆட்சி வட்டாரமும் வரும்.

பேரரசர் தூ துக் காலத்து (1847–1883) ஆவணங்களில் இன்னொரு பொறி உண்டு. பேரரசர் பெயரிலுள்ள எழுத்தை எழுதக் கூடாது என்பதால், அவர் பெயரில் இருந்த ‘காலம்’ என்னும் பொருளுள்ள எழுத்தைத் தவிர்த்து, பன்னிரு கிளைகளில் (சீன நாட்காட்டியின் பன்னிரு விலங்குக் குறிகள்) டிராகனைக் குறிக்கும் ‘தின்’ எழுத்தைப் போட்டார்கள். அகராதிப்படி வாசித்தால் பொருளே வராது.

‘யீ தௌ’ (மனுவில் கேட்டபடியே) போன்ற குறுந்தொடர்கள் அடுத்த தொகுதி. பழைய ஆணையை மனு மேற்கோள் காட்டும்போது அதே தொடர்கள் கறுப்பிலும் வரும், அவை எழுத்தர் கை. அவற்றுக்குத் தனி நிறக் குறியிட்டாயிற்று. நீண்ட சௌ ஃபே பத்திகளுக்கு, வேகமாகச் சேர்த்தெழுதிய சீனக் கையெழுத்தைப் படிக்கும் பயிற்சி வேண்டும். அந்த அட்டைகள் இன்னும் தொடங்கவில்லை.