மலைக்கு அந்தப் பக்கம் வாங்கியவை

செங்கோட்டையில் குடியிருப்பவர்களுக்குக் கடைத்தெரு இரண்டு மாநிலங்களில் விரிந்து கிடக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆனால் சமையலறைகள் இன்னும் முழுதாகப் பிரிந்து வந்துவிட்டதாகத் தெரியவில்லை. புளியரையைத் தாண்டி ஆரியங்காவுக் கணவாய் வழியே போனால் கேரளத்துத் தென்மலை, அதற்கும் அப்பால் புனலூர். அங்கே கிடைப்பதெல்லாம் அசல் என்பது என் மனைவியின் தீர்மானம். அங்கே கிடைப்பதெல்லாம் இங்கிருந்து போனதுதான் என்பது என் அம்மாவின் தீர்மானம். இரண்டுக்கும் நடுவில் பணம் எடுத்துக் கொடுப்பவன் என்ற முறையில், அண்மையில் வாங்கிய சாமான்களில் எது கொடுத்த காசுக்குத் தகும், எது தகாது என்று கணக்குப் பார்க்கும் உரிமை எனக்கு உண்டென்று கருதுகிறேன்.

முதலில் பாலக்காட்டு மட்டை அரிசி. புவிசார் குறியீடு பெற்ற அரிசி. தவிடு முழுதும் போகாதது. சர்க்கரை நோய்க்காரர்களுக்கு நல்லது என்று மனைவி யாரிடமோ கேட்டு வந்தார். வீட்டில் சர்க்கரை உள்ளவன் நான் ஒருவன்தான் என்பதால், என் ஒருவனுக்காக வீடு முழுவதும் அதை உண்பது என்று முடிவாயிற்று. வழக்கமான அரிசிக்கு எத்தனை விசில் என்று எங்கள் குக்கருக்கே மனப்பாடம். இந்த அரிசியோ அத்தனை விசிலையும் கேட்டுவிட்டு, ஒன்றும் நடவாதது போல் விறைத்துக்கொண்டு நின்றது. மறுபடி தண்ணீர், மறுபடி அடுப்பு. முதல்நாள் இரவே ஊறப்போட வேண்டும் என்ற செய்தி மறுநாள்தான் எங்களுக்கு வந்து சேர்ந்தது. இலையில் விழுந்த சோற்றைப் பார்த்து அம்மா, "ஏய்யா, இது வெந்த பொறவும் நம்மளை மொறச்சுப் பாக்கு" என்றார். சாம்பாரை ஊற்றினால் சாம்பார் ஒரு பக்கம் ஓடிற்று, சோறு ஒரு பக்கம் தங்கிற்று.

மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்ததுதான் அந்த அரிசியின் தலையெழுத்தை மாற்றியது. காலையில் மோர் விட்டு, சின்ன உள்ளியும் வறுத்த மோர் மிளகாயும் தொட்டுக்கொண்டு சாப்பிட்டபோது, பழையதற்கென்றே விளைந்த அரிசி என்று தோன்றியது. நீரில் இரவெல்லாம் கிடந்தும் குழையாமல் பருக்கை பருக்கையாக நின்றது. நேற்று குறை சொன்ன அம்மா சட்டியைத் தம் பக்கம் நகர்த்திக்கொண்டார். அது பாராட்டு என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆக, மதியச் சோறாக இந்த அரிசி காசுக்குக் கேடு. காலைப் பழையதாகக் கொடுத்த காசுக்கு மேலே. நாளை காலைக்காக இன்றைக்கே சோறு வடிக்கும் வீட்டுக்கு ஆகிவரும். சூடாக உண்ண விரும்புவோர் வேறு அரிசி பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து, எவர்சில்வர் புட்டுக்குழல். குக்கரின் விசில் குண்டைக் கழற்றிவிட்டு, அந்த மூக்கின் மேல் உட்கார வைக்கும் வகை. எல்லாக் குக்கருக்கும் பொருந்தும் என்று கடைக்காரர் சொன்னார். எங்கள் குக்கர் அந்த 'எல்லா'வில் சேரவில்லை. குழலின் வாய் அகலம், குக்கரின் மூக்கு சிறிது. ஆவி மேலே ஏறாமல் பக்கவாட்டில் சீறிக்கொண்டு போய்ச் சுவரை வேகவைத்தது. மனைவி என் பழைய வேட்டியிலிருந்து ஒரு முழம் கிழித்து, நனைத்துப் பிழிந்து, மூக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டிய பிறகுதான் மூடியின் துளைகளில் ஆவி வந்தது. மாவு ஒரு கை, தேங்காய்ப்பூ ஒரு விரற்கடை, மறுபடி மாவு என்று அடுக்கிய புட்டைக் குச்சியால் தள்ளியபோது அது உடையாமல் முழுத்தண்டாக வழுக்கித் தட்டில் விழுந்த காட்சிக்காகவே கொடுத்த பணத்தை மன்னிக்கலாம். குழலின் விலையோடு வேட்டியின் விலையையும் சேர்க்க வேண்டும் என்று நான் சொன்னதை ஒருவரும் ஏற்கவில்லை. அந்த வேட்டி ஏற்கெனவே தரை துடைக்கும் தகுதியை அடைந்துவிட்டதாம்.

இனித் தேங்காய் எண்ணெய். இதில்தான் அம்மாவின் கட்சி முழு வெற்றி பெற்றது. 2025 நடுவில் கேரளத்தில் தேங்காய் எண்ணெய் லிட்டருக்கு 400 ரூபாயைத் தாண்டி ஏறியது. அந்த விலையிலும் புனலூர்க் கடையில் வாங்கினால்தான் மணம் சரியாக இருக்கும் என்று மனைவி பிடிவாதமாக நின்று வாங்கி வந்தார். குப்பியின் முன்பக்கம் மலையாளத்தில் அழகான எழுத்து, ஒரு தென்னை மரம், பின்னால் ஒரு காயல், அதில் ஒரு வள்ளம். பின்பக்கத்தில் எறும்பு ஊர்வது போல அச்சடித்திருந்த வரிகளை அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆராய்ந்தார். தயாரிப்பு இடம்: காங்கேயம், திருப்பூர் மாவட்டம்.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்பது வணிகம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பொள்ளாச்சி வட்டாரத்துத் தேங்காய் பெருமளவில் காங்கேயத்துக் களங்களில் காய்ந்து கொப்பரையாகிறது. அங்குள்ள ஆலைகளில் எண்ணெயாகிக் கேரளத்துக்குப் போகிறது. அப்படிப் போன எண்ணெய் எங்களுக்காக ஆரியங்காவு வழியாகத் திரும்பித் தமிழ்நாட்டுக்குள் வந்திருக்கிறது. "தேங்கா நம்மளைவிட ஊர் சுத்தியிருக்கு" என்று அம்மா சொன்னார். அதோடு விட்டிருக்கலாம், விடவில்லை. நேந்திரங்காய் இங்கிருந்துதான் போகிறது, சிப்ஸாகத் திரும்புகிறது. பாவூர்சத்திரத்துக் காய்கறி லாரி லாரியாக மலை ஏறுகிறது, ஓணம் வந்தால் நமக்கே விலை ஏறுகிறது என்று அன்று மாலை வரை பட்டியல் நீண்டது.

மனைவி ஒரே கேள்வியில் அதை நிறுத்தினார். "அப்போ நம்ம வீட்டுத் தேங்காயையே ஆட்டிருவோமா அத்தை?"

அம்மா உடனே ஒப்புக்கொண்டார். அது சாரல் காலம் என்பதை இருவரும் கணக்கில் எடுக்கவில்லை. குற்றாலத்துக்குச் சுற்றுலா வருவோர் சாரலைப் புகழ்ந்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். கொப்பரை காயவைக்கும் வீட்டில் இருந்து பார்த்தால்தான் அதன் மறுபக்கம் தெரியும். வெயில் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் உடைத்த தேங்காய் மாடிக்குப் போயிற்று, தூறல் விழும்போதெல்லாம் கீழே வந்தது. கடைசியில் தேங்காய் முழுவதும் பச்சையும் சாம்பலுமாகப் பூசணம் பூத்தது. ஏற்றி இறக்கிய முழங்கால்களுக்கு வாங்கிய தைலத்தின் விலையைச் சேர்த்தால், குப்பி எண்ணெயே மலிவு. இருந்தும் அந்தக் குப்பி காசுக்குத் தகும் என்று நான் எழுதப் போவதில்லை, ஏனென்றால் இந்தப் பதிவை அம்மாவும் படிப்பார்.

பொருளும் பணமும் எதிர்த்திசையிலும் பயணம் செய்வதுண்டு. புனலூரில் இருக்கும் என் அக்காவின் கணவர், அத்தான், பெட்ரோல் போடுவதற்காகச் செங்கோட்டைக்கு வருகிறவர். கேரளத்தில் பெட்ரோல் விலை இங்கைவிட லிட்டருக்கு ஐந்தாறு ரூபாய் கூடுதல். 2023 ஏப்ரலிலிருந்து சமூகப் பாதுகாப்புக்கென்று இரண்டு ரூபாய் மேல்வரியும் அதில் சேர்ந்தது. 30 லிட்டர் போட்டால் 180 ரூபாய் மிச்சம் என்பது அத்தானின் கணக்கு. புனலூருக்கும் செங்கோட்டைக்கும் இடையே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் மலைப்பாதை. போக வர 100 கிலோமீட்டருக்கு அவருடைய கார் ஏழு லிட்டராவது குடிக்கும். அதற்கு 700 ரூபாய். அதோடு முடிகிறதா? இவ்வளவு தூரம் வந்துவிட்டுச் சும்மா திரும்பக் கூடாது என்று பிரானூர் பார்டரில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும், பிறகு ஒரு மூட்டை காய்கறி. இந்தக் கணக்கை ஒருமுறை காகிதத்தில் எழுதியே காட்டினேன். அத்தான் மரியாதையாகப் படித்துப் பார்த்துவிட்டு, "மாப்ள, நான் பெட்ரோல் போடத்தான் வாறேன். மத்ததெல்லாம் வழிச்செலவு. வழிச்செலவை எவனாவது பெட்ரோல் கணக்குல சேப்பானா?" என்றார். அவர் வரவு செலவு பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால், மேலே வாதிட எனக்குத் துணிவில்லை.

வருகிற வழியில் அத்தான் ஆரியங்காவில் வண்டியை நிறுத்தி ஒரு லாட்டரிச் சீட்டு வாங்குவார். தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரியைத் தடை செய்துவிட்டார்கள். கேரளத்தில் 1967-இல் தொடங்கி அரசே நடத்துகிறது. மூன்று மணிக்குக் குலுக்கல். மூன்றரை மணியிலிருந்து அவர் எங்கள் வீட்டில் யாரோடும் பேச மாட்டார். அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

கடைசியாகக் குடை. ஆரியங்காவுக் கணவாய் தென்மேற்குக் காற்றுக்கு வாசல். ஆனி, ஆடியில் அந்த வாசல் சாத்தப்படுவதே இல்லை. இதை அறிந்தும் மனைவி மகளுக்காக மூன்று மடிப்புக் குடை ஒன்றை வாங்கினார். பையில் வைத்தால் இடம் அடைக்காது, பித்தானை அழுத்தினால் தானே விரியும், நிறம் மங்காது என்று அதற்கு ஏகப்பட்ட பெருமைகள். பேருந்து நிறுத்தத்தில் பித்தானை அழுத்தியதும் அது சொன்னபடி விரிந்தது. விரிந்த வேகத்திலேயே வெளிப்பக்கமாகக் கவிழ்ந்து, கம்பிகள் வானத்தைப் பார்க்கக் கிண்ணம் போல நின்று மழைநீரைச் சேகரித்தது. மகள் அன்று நனைந்த அளவு குடை இல்லாத நாள்களில் நனைந்ததில்லை.

வளைந்த மரப்பிடியும் நீண்ட கம்பும் கொண்ட பழைய மாதிரிக் கறுப்புக் குடை அதே கடையில் ஒன்றும் அம்மாவின் கட்டளைப்படி வாங்கப்பட்டது. விலை கூடுதல். பையில் அடங்காது, பேருந்தில் பக்கத்தில் இருப்பவரைக் குத்தும், இரயிலில் மறந்து வைக்க ஏற்றது. மகள் அதைத் தொட மறுத்துவிட்டாள்; தோழிகள் சிரிப்பார்களாம். மழைக்கு என்று அதை எடுத்துக்கொண்டு இதுவரை ஒருவரும் வெளியே போனதில்லை. ஆனால் வீட்டில் ஓய்வே இல்லாத பொருள் அதுதான். கொடியில் எட்டாத துணியை இழுப்பதும், பரணிலிருந்து முறத்தை இறக்குவதும், கட்டிலுக்கு அடியில் உருண்டுபோன தேங்காயை வெளியே கொண்டுவருவதும் அதன் வளைந்த பிடிதான். போன வாரம் அடுத்த வீட்டு மதினி வந்து, கிளையை வளைத்து முருங்கைக்காய் பறிக்க வேண்டும், அந்தத் துரட்டியைக் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டுக் குடையை வாங்கிக்கொண்டு போனார். திருப்பித் தரும்போது அரைக் கட்டு முருங்கைக்காயும் கூடவே வந்தது. மழை பெய்துகொண்டிருந்ததால், தம் வீட்டுக் குடையைப் பிடித்துக்கொண்டு எங்கள் குடையைக் கையில் கொண்டுவந்து கொடுத்தார்.