நாத்திகன் எழுதிய இறுதி விருப்பக் கடிதம்

பெரிய அறுவை சிகிச்சை ஒன்றுக்கு நாள் குறித்தவுடன், நான் பிழைக்காமல் போனால் என் உடலை என்ன செய்ய வேண்டும், எந்தச் சடங்கு வேண்டும் அல்லது வேண்டாம் என்பதைத் தெளிவாக எழுதிவைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். கடவுள் இல்லை என்பதில் எனக்குப் பல ஆண்டுகளாக ஐயமில்லை. ஆனால் இறப்புக்குப் பிறகு எனக்கு என்ன நேரும் என்று கருதுகிறேன் என்பதை அதுவரை முழு வாக்கியங்களில் எழுதிப் பார்த்ததில்லை. கடிதத்தின் முதல் பத்திக்கே அது தேவைப்பட்டது. ஏனெனில் சடங்கு வேண்டாம் என்று எழுதினால், ஏன் வேண்டாம் என்ற கேள்விக்குக் கடிதமே பதில் சொல்ல வேண்டும். கேட்பவர்களுக்கு விளக்கம் சொல்ல அப்போது நான் இருக்கப்போவதில்லை.

நாத்திகர் என்றாலே இறப்போடு எல்லாம் முடிந்தது என்று நம்புகிறவர் எனப் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். விஷயம் அவ்வளவு நேரானதல்ல. சமணமும் பௌத்தமும் படைப்புக் கடவுளை ஏற்பதில்லை, ஆனால் மறுபிறப்பை ஏற்கின்றன. கேம்பிரிட்ஜில் மெய்யியல் கற்பித்த ஜான் மக்டகார்ட் (1866–1925) வெளிப்படையான நாத்திகர். அவரே மனித ஆன்மா அழியாதது என்றும் உறுதியாக வாதிட்டார். ஆகவே கடவுளை மறுத்துவிட்டதால் மட்டும் மறுமையும் இல்லாமல் போய்விடாது. அதை மறுக்கத் தனியே காரணம் வேண்டும். என் காரணம் என்ன என்று யோசித்தபோது, நான் படித்த எதையும்விட முன்னால் வந்து நின்றது, எங்கள் குடும்பத்தில் மறதி நோயால் பாதிக்கப்பட்டிருந்த ஒரு முதியவரின் முகம்தான். முதலில் அவருக்குப் பெயர்கள் மறந்தன, பிறகு முகங்கள், பிறகு அவருடைய அடையாளமாகவே இருந்த பொறுமையும் போயிற்று. வாழ்நாள் முழுதும் யாரையும் கடிந்து பேசாதவர், தட்டைத் தள்ளிவிட்டு ஊட்ட வந்தவரைத் திட்டினார். மூளையின் ஒரு பகுதி சிதைந்ததும் மனிதரின் ஒரு பகுதி போய்விடுகிறது என்றால், மூளை முழுவதும் அழிந்த பிறகு அந்த மனிதர் நினைவும் குணமும் குறையாமல் வேறெங்கோ இருப்பார் என்று ஏற்பதற்கு எனக்கு வழி தெரியவில்லை.

இந்த வாதம் ஒன்றும் புதியதல்ல. மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதையில் வரும் பூதவாதி (உலகம் பருப்பொருளால் மட்டுமே ஆனது என்பவன்) இதையேதான் சொல்கிறான்: தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் சேரும்போது மதுவின் களிப்பு பிறப்பதுபோல, நிலம், நீர் போன்ற பூதங்கள் கூடும்போது உணர்வு தோன்றுகிறது, அவை பிரிந்தால் உணர்வும் கெடுகிறது, மறுமை என்பது பொய். நேரில் காண்பதை மட்டுமே அறிவுக்கு அளவையாகக் கொள்கிற அவனிடம், அனுமானத்தால், அதாவது தெரிந்ததைக் கொண்டு தெரியாததை ஊகிப்பதால், அல்லாமல் உன் தாய் தந்தையரை எப்படி அறிவாய் என்று மணிமேகலை கேட்கிறாள். அது சரியான அடி என்பதே என் எண்ணம். மனம் மூளையோடு முடிகிறது என்பதும் அனுமானம்தான், யாரும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னதல்ல. அதனால் கடிதத்தில் “எனக்குத் தெரியும்” என்ற சொற்களைத் தவிர்த்து, “கிடைத்திருக்கும் சான்றுகளைக் கொண்டு நான் கருதுவது” என்று எழுதினேன்.

அடுத்து வந்தது அச்சம். இறந்த நிலையை இருளாகவோ தனிமையாகவோ கற்பனை செய்துகொண்டுதான் பெரும்பாலும் அஞ்சுகிறோம்; ஆனால் இருளைப் பார்ப்பதற்கும் ஒருவர் இருந்தாக வேண்டும். இதற்கு முன் ஒருமுறை முழு மயக்கம் கொடுக்கப்பட்டிருக்கிறேன். முகமூடியை வைத்த செவிலியர் கேட்ட கேள்விக்குப் பதிலைத் தொடங்கினேன். அடுத்ததாக எனக்குத் தெரிந்தது வேறோர் அறையின் கூரை. இடையில் சென்ற மணிநேரங்கள் நீளமாகவும் இல்லை, குறுகலாகவும் இல்லை. தூக்கத்தில் இருக்கும் ‘நேரம் போயிருக்கிறது’ என்ற மங்கலான உணர்வுகூட இல்லை. இறப்பில் விழித்து அந்த இடைவெளியைக் கவனிக்க ஆளும் இருக்காது என்பதே வேறுபாடு. ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் 1776இல் மரணப் படுக்கையில் இருந்தபோது அவரைப் பார்க்கச் சென்ற எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல், இல்லாமல் போவதை நினைத்தால் கலக்கமாக இல்லையா என்று கேட்டார். பிறப்பதற்கு முன் நான் இல்லாதிருந்ததை நினைத்து எவ்வளவு கலங்குகிறேனோ அவ்வளவுதான் என்ற பொருளில் ஹியூம் பதில் சொன்னார். பாஸ்வெல்தான் கலங்கிப் போனார்.

நாம் இருக்கும்போது இறப்பு இல்லை, இறப்பு வரும்போது நாம் இல்லை என்ற கிரேக்க அறிஞர் எபிகூரஸின் வாதமும் இதே வழியில் செல்கிறது. நாத்திகர்கள் இதை ஆறுதல் மாத்திரையைப்போல் நீட்டிவிட்டு நிறுத்திக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. இறந்த நிலை வலிக்காது என்பதை இது காட்டுகிறது. ஆனால் என் மகள் படித்து முடிப்பதை நான் பார்க்காமல் போவது ஓர் இழப்பே அல்ல என்று இது காட்டவில்லை. அமெரிக்க மெய்யியலாளர் தாமஸ் நேகல் 1970இல் எழுதிய கட்டுரையில், இறப்பு தீயதாவது அது தரும் அனுபவத்தால் அல்ல, அது பறித்துக்கொள்ளும் வாழ்வால்தான் என்று வாதிட்டார். அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவுகளில் என் மனநிலைக்குப் பொருந்தியது இதுதான். அச்சம் பெருமளவு தணிந்திருந்தது. வருத்தம் அப்படியே இருந்தது. வருத்தத்தை வாதத்தால் விரட்ட நான் முயலவில்லை.

பிறகுதான் எழுதுவதையே நிறுத்திவைத்த கேள்வி வந்தது: எதையும் உணரப் போவதில்லை என்றால், என் உடலுக்கு என்ன நடந்தால் எனக்கென்ன? இங்கிலாந்து மெய்யியலாளர் ஜெரமி பெந்தம் 1832இல் இறந்தபோது, அவர் விரும்பியபடியே உடல் பகிரங்கமாகக் கூறாய்வு செய்யப்பட்டது. எலும்புக்கூட்டுக்கு அவருடைய உடைகளையே அணிவித்து, மெழுகால் செய்த தலையைப் பொருத்தி, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் இன்றும் உட்கார வைத்திருக்கிறார்கள். தம் தலைமுடி பதித்த நினைவு மோதிரங்களை நண்பர்களுக்குக் கொடுக்கவும் அவர் ஏற்பாடு செய்திருந்தார். மறுமையில் நம்பிக்கை இல்லாதவருக்கு இவ்வளவு அக்கறை எதற்கு என்று சிரிக்கலாம். ஆனால் நம் அக்கறைகள் நம் அனுபவத்தின் எல்லையில் நிற்பதில்லை. சாமுவேல் ஷெஃப்லர் என்ற மெய்யியலாளர் ஒரு கற்பனையை முன்வைக்கிறார்: நீங்கள் முழு ஆயுளும் வாழ்ந்து இயல்பாக இறப்பீர்கள், ஆனால் அதற்கு 30 நாட்களுக்குப் பின் உலகம் அழிந்துவிடும் என்று இப்போதே தெரிந்தால், இன்று செய்துகொண்டிருக்கும் வேலையில் உங்களுக்கு ஈடுபாடு மிஞ்சுமா? எனக்கு மிஞ்சாது. அப்படியானால், நான் காணாத நாட்களைப் பற்றி இன்றே கவலைப்படுவதில் முரண் இல்லை.

உடலைப் பற்றிய பத்தி விரைவாக முடிந்தது. மூளைச்சாவு நேர்ந்தால் உறுப்புகளைக் கொடுத்துவிட வேண்டும்; இதயத்தை வெளியே எடுத்த பிறகு ஏறத்தாழ 4 மணி நேரம்தான் தாங்கும் என்பதால் அங்கே தயக்கத்துக்கு இடமில்லை. மூளைச்சாவாக இல்லாமல் இதயம் நின்று இறந்தாலும், சில மணி நேரத்துக்குள் கருவிழிகளை எடுக்கலாம். அதன்பின் உடல் மருத்துவக் கல்விக்குப் போகட்டும். உறுப்புகள் எடுக்கப்பட்ட உடலையும், பிரேதப் பரிசோதனை செய்யப்பட்ட உடலையும் பல கல்லூரிகள் ஏற்பதில்லை என்பதால், எது முதலில், அது இயலாவிட்டால் எது என்ற வரிசையை எழுதுவது அவசியம். இரண்டும் இயலாவிட்டால், இருப்பவர்களுக்கு எது எளிதோ அது.

சடங்கைப் பற்றிய பத்திதான் நேரம் எடுத்தது. என் தங்கைக்கு இறை நம்பிக்கை உண்டு. வரைவைப் படித்துவிட்டு, “அண்ணா, உங்களுக்கு வேண்டாம், சரி. எங்களுக்கு வேணும்னா?” என்று கேட்டாள். என் கருத்துப்படி அப்போது புண்படுவதற்கு நான் இருக்கமாட்டேன், துக்கப்படுவதற்கு அவள் இருப்பாள். அதே நேரம், நான் கடைசியில் மனம் மாறிவிட்டேன் என்று யாரும் பேசுவதை இன்றைய நான் விரும்பவில்லை. இருவரும் பேசி ஒரு வாசகத்துக்கு வந்தோம்: என் பெயராலும் என் நம்பிக்கையாகவும் எதுவும் செய்யக்கூடாது, அவரவர் தம் ஆறுதலுக்காக வேண்டிக்கொள்வதை யாரும் தடுக்கவும் கூடாது.

அவளையே சாட்சிகளில் ஒருவராகக் கையெழுத்திடச் சொன்னேன். நடைமுறையில் மருத்துவர்கள் கடைசியாகக் கேட்பது அருகில் நிற்கும் உறவினரைத்தான். அவர் படிக்காத கடிதத்தால் பயனில்லை. பெட்டகத்தில் வைத்துப் பூட்டினால் எல்லாம் முடிந்த பிறகுதான் திறப்பார்கள் என்பதால், படிகளில் ஒன்றை மருத்துவரிடம் கொடுத்து என் கோப்பில் சேர்க்கச் சொன்னேன், ஒன்றைத் தங்கை வைத்துக்கொண்டாள், இன்னொன்று என் மேசையின் மேல் இழுப்பறையில் இருக்கிறது.