வெள்ளிக்கிழமை பிட்ச்சரும் ஒரு வாரக் கணக்கும்

அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் பிட்ச்சிங் கோச் என்றால், பந்து வீசச் சொல்லித்தருபவர் என்றுதான் தோன்றும். உண்மையில் பாதி நாள் அவர் கணக்கப்பிள்ளை. யார் எத்தனை பந்து வீசினான், எத்தனை நாள் ஓய்வு, ஞாயிற்றுக்கிழமைக்கு யார் கை மிச்சம் இருக்கிறது என்பதே யோசனை.

பிப்ரவரி நடுவில் சீசன் தொடங்கும், 56 ஆட்டம். வெள்ளி, சனி, ஞாயிறு ஒரே அணியோடு மூன்று, நடுவாரத்தில் பெரும்பாலும் இன்னொன்று. அணியின் சிறந்த கைக்கு வெள்ளிக்கிழமை. அவன் 100 பந்து வீசியிருந்தால் சனிக்கிழமை ஓட்டமும் லேசாகப் பந்தை எறிந்து பிடிப்பதும் போதும். ஞாயிறு, திங்கள் எறியும் தூரத்தை மெல்லக் கூட்டலாம். செவ்வாய் புல்பென்னில் (பிட்ச்சர்கள் கையைச் சூடேற்றும் இடம்) 25 பந்து. புதன், வியாழன் மறுபடி லேசு.

அந்த 25-ஐ வீணாக்கக் கூடாது. வேகமான ஃபாஸ்ட்பால் 10, பேட்டர் அருகே தரையில் பதித்த பிளேட்டின் இரண்டு ஓரத்துக்கும் மாற்றி மாற்றி, அதே வீச்சில் மெதுவாக வரும் சேஞ்ச்அப் 6, பக்கவாட்டில் வளையும் ஸ்லைடர் 6, கடைசி 3 எதிரே பேட்டர் நிற்பதாக நினைத்துக்கொண்டு. வலக்கைப் பிட்ச்சரின் பந்து திரும்பத் திரும்ப உயரமாக, வலக்கை பேட்டர் நிற்கும் பக்கமாகவே போகிறதா? முன்கால் தரையில் படுவதற்குள் முன்தோள் திறந்துவிடுகிறது, கை பின்னால் தங்கிவிடுகிறது. "கீழே போடு" என்று கத்தினால் அடுத்த பந்தைத் தரையில் குத்துவான். முதல் பந்திலேயே இப்படி என்றால் டைமிங் பிசகு, திருத்தலாம். இருபதாவது பந்தில் தொடங்கினால் களைப்பு. அன்றைக்கு அதோடு நிறுத்துவதுதான் திருத்தம்.

கிரிக்கெட்டில் மடக்கிய முழங்கையை அளவுக்கு மேல் நீட்டி வீசினால் நோ பால். இங்கே மடக்கி நீட்டாமல் வீச்சே இல்லை. ஓடிவந்து சேர்த்த வேகமும் கிடையாது. 10 அங்குல மேட்டிலிருந்து (மவுண்ட்) பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம். முழங்கையின் உள்பக்கத் தசைநார் கிழிந்தால், டாமி ஜான் என்ற பிட்ச்சரின் பெயரால் வழங்கும் அறுவை சிகிச்சை. 1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதலில் செய்தது. இன்றும் மவுண்டுக்குத் திரும்ப ஒரு வருஷத்துக்கு மேல் பிடிக்கும்.

கோச்கள் அதிகம் கோட்டைவிடுவது ரிலீவர்களிடம், அதாவது ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வீச வருபவர்களிடம். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஐந்தாவது இன்னிங்சில் எழுப்பி 20 பந்து சூடேற்றி உட்கார வைப்பார்கள், எட்டாவதில் மறுபடி எழுப்புவார்கள். களத்தில் இறங்கவே இல்லை என்றால் ஸ்கோர் ஷீட்டில் பூஜ்யம், கையிலோ 40. புல்பென்னில் ஒருவர் நோட்டோடு நிற்க வேண்டும். 19 முதல் 22 வயதுக்குத் தொழில்முறை மேஜர் லீகின் பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டி ஒரு நாளைக்கு 120 பந்து, 46-க்கு மேல் வீசினால் குறைந்தது இரண்டு நாள் ஓய்வு என்கிறது. வழிகாட்டிதான், சட்டம் இல்லை. ஜூன் மாத நாக்அவுட் ஆட்டங்களில் அது காற்றில் பறப்பதைப் பார்க்கலாம்.

இன்னொரு பொறி டிசம்பர் விடுமுறை. பையன் வீட்டில் பந்தையே தொடாமல் ஜனவரியில் வந்து நிற்பான். சீசனுக்கு ஐந்து வாரம்தான். விடுமுறைக்கு முன்பே நாள்வாரியாக அட்டவணை எழுதிக் கொடுக்காத கோச், ஜனவரியில் அவசரப்பட்டு மார்ச்சில் தலையில் கை வைப்பார்.

இந்த வேலைக்கு வரும் வழி நீளம். 2023 ஜூலை வரை கல்லூரி பேஸ்பாலின் மேல்மட்டமான முதல் டிவிஷன் அணிகளில் ஒரு உதவிக் கோச் தன்னார்வலர். அணியில் சம்பளம் கிடையாது, கோடை முகாம் நடத்திச் சம்பாதித்தால் உண்டு. இப்போது அந்த இடத்துக்கும் சம்பளம் தரலாம். மேலே போன பெயர்களும் உண்டு. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் பிரைஸ் என்ற பிட்ச்சரை வளர்த்த டெரெக் ஜான்சன் கப்ஸ், ப்ரூவர்ஸ், ரெட்ஸ் என்று மேஜர் லீக் அணிகளுக்குப் போனார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் ஃபெட்டர் டெட்ராய்ட் டைகர்ஸுக்கு.

வெஸ் ஜான்சன் போனதோடு நிற்காமல் திரும்பியும் வந்தார். ஆர்கன்சா பல்கலைக்கழகத்திலிருந்து நேராக மேஜர் லீகின் மினசோட்டா ட்வின்ஸ். 2022-ல் சீசன் நடுவிலேயே அதை விட்டு எல்எஸ்யு (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்). மறுவருஷம் பால் ஸ்கீன்ஸ் என்ற பிட்ச்சர் அவர் கையில்: 209 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது), ஒமாஹாவில் தேசியக் கல்லூரிக் கோப்பை, மேஜர் லீக் அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் பெயர். கோப்பை வந்த கையோடு ஜான்சன் ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்குத் தலைமைக் கோச்சாகப் போய்விட்டார்.