போடிமெட்டு ஏற்றத்துக்கு எந்த கியர் பாக்ஸ்?

அப்பாவின் சி.ஜே. 3பி ஜீப்பை ஒருவழியாக மறுபடி ரோட்டில் இறக்கிவிட்டேன். இன்ஜின் முன்பே மாறிவிட்டது, பழைய ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு 2,523 சிசி மகிந்திரா டீசல் உட்கார்ந்திருக்கிறது, ஆர்.சி.யிலும் ஏற்றியாகிவிட்டது. மூன்று மாதம் இழுத்தது கியர் பாக்ஸும் கிரவுனும்தான் (கிரவுன் என்பது அச்சுக்குள் சுற்றைக் குறைத்துச் சக்கரத்துக்குக் கொடுக்கும் பல்சக்கர ஜோடி). போடியில் ஜீப் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு ரேஷியோ, அதாவது உள்ளே எத்தனை சுற்றினால் வெளியே ஒரு சுற்று வரும் என்ற கணக்கு, சொன்னார்கள். சென்னையிலிருந்து வந்த மாப்பிள்ளை, "மாமா, 11/41 கிரவுன் போடுங்க, தேனி ரோட்டில பறக்கும்" என்றான். 11/41 என்றால் சின்னச் சக்கரத்தில் 11 பல், பெரியதில் 41.

அவன் சொன்னது தப்பில்லை, ஆனால் நான் கணக்கைத் தேனி ரோட்டிலிருந்து ஆரம்பிக்கவில்லை. மலையடிவாரத்து முந்தல் தாண்டியதும் மேலே போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவு, அதற்கப்புறம் கேரளா, பூப்பாறை, அங்கிருந்து தோட்டத்துக்குள் இறங்கும் கல்லு ரோடு. இந்த ஜீப் பிறந்ததிலிருந்து பார்த்த வேலை அதுதான், இனியும் அதுதான்.

பழைய பாக்ஸ் டி-90, மூன்று கியர். முதலாவது 2.798, இரண்டாவது 1.551, மூன்றாவது நேர், அதாவது ஒன்றுக்கு ஒன்று. முதலுக்கும் இரண்டுக்கும் நடுவே இருக்கிற பள்ளத்தைப் பாருங்கள். எட்டுப் பேரும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு வளைவுக்குள் திரும்பும்போது இரண்டாவதில் வண்டி முக்கும், முதலாவதுக்கு இறக்கலாம் என்றால் அந்தக் கியருக்கு சின்க்ரோ (ஓடும்போதே பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டி, மறுபடி மிதித்துப் போட வேண்டும். அப்பா அதைப் பேசிக்கொண்டே செய்வார். எனக்கு விழாத நாட்களில் வளைவு நடுவே வண்டியை நிறுத்தி, பின்னால் ஒருவர் கல் வைக்க, முதலிலிருந்து எடுத்திருக்கிறேன். பின்னால் உட்கார்ந்திருக்கும் அக்காமார்கள் அந்த நேரம் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள்.

அதனால் நான் எனக்கே கேட்டுக்கொண்டது ஒரே கேள்வி: லோடோடு மணிக்கு 15 கிலோமீட்டரில் வளைவு திரும்பும்போது, இரண்டாவது கியரில் இன்ஜின் எத்தனை சுற்று சுற்றும்?

இதற்கு டயர் சுற்றளவு வேண்டும். புத்தகத்து அளவு வேண்டாம், காற்று அடித்து, ஆள் உட்கார்ந்த பிறகு இருக்கிற அளவு. பட்டறைத் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு, டயரில் ஒரு கோடு, தம்பி உட்கார நான் தள்ளினேன், டயர் கோடு மறுபடி தரையைத் தொட்ட இடத்தில் இன்னொரு கோடு. 2.2 மீட்டர். 15 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிஷத்துக்கு 250 மீட்டர், சக்கரம் ஏறத்தாழ 114 சுற்று. இதைக் கியர் ரேஷியோவாலும் கிரவுன் ரேஷியோவாலும் பெருக்கினால் இன்ஜின் சுற்று வந்துவிடும், அவ்வளவுதான்.

பழைய செட்டு 8/43 கிரவுன், அதாவது 5.375. இரண்டாவது கியரில் 950 சுற்றுதான் வருகிறது, ஐட்லிங்கை விட கொஞ்சம்தான் மேலே. வண்டி ஏன் அழுதது என்பதற்கு இத்தனை வருஷம் கழித்து விடை கிடைத்தது.

அப்புறம் பழைய இரும்புக் கடையில் எடுத்த ஐந்து கியர் பாக்ஸ். அதில் ரேஷியோ பொறித்த பிளேட்டு இல்லை. உள்ளே போகிற ஷாஃப்டிலும் வெளியே வருகிற ஷாஃப்டிலும் வெள்ளைப் பெயின்டால் ஒரு புள்ளி வைத்து, ஒவ்வொரு கியராகப் போட்டு, கையால் சுற்றி எண்ணினோம். வெளியே பத்துச் சுற்று வர உள்ளே 39, அப்புறம் 23, அப்புறம் 14, நான்காவது நேர், ஐந்தாவதில் உள்ளே ஐந்து சுற்றினால் வெளியே ஆறு. கையெல்லாம் கிரீஸ், நடுவில் இரண்டு தடவை எண்ணிக்கை தப்பி மறுபடி ஆரம்பித்தோம். ஆனால் கடைக்காரர் வாயால் சொல்லும் ரேஷியோவை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள், இதற்கு அரை மணி நேரம்தான் ஆகும்.

இப்போது மாப்பிள்ளையின் 11/41-ஐ வைத்துப் பார்ப்போம். அது 3.727. அதே வளைவில் இரண்டாவது கியரில் 975 சுற்று. புது பாக்ஸ், புது இன்ஜின், இவ்வளவு செலவு செய்து, அப்பா காலத்துத் தொல்லைக்கே திரும்பிப் போகிறோம்! 8/39 போட்டால் 4.875, அங்கே 1,270 சுற்று வருகிறது. இந்த டீசல் அந்தச் சுற்றில் முனகாமல் இழுக்கிறது. ரோட்டு வேகமும் போகவில்லை, ஐந்தாவது கியர் இருக்கிறதே. 2,500 சுற்றில் 81 கிலோமீட்டர். 11/41-ஐ நான்கு கியர் பாக்ஸோடு போட்டிருந்தால் 88 வந்திருக்கும். அந்த ஏழு கிலோமீட்டருக்காக 17 வளைவிலும் நான் கஷ்டப்பட மாட்டேன்.

மாப்பிள்ளைக்கு இந்த ஆசை அமெரிக்க ஹாட் ராட் வண்டிகளை, அதாவது வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய கார்களை, பார்த்து வந்தது. அவர்கள் கணக்கு வேறு. 1932-ல் ஃபோர்டு வி8 வந்த பிறகு கலிஃபோர்னியாவின் காய்ந்த ஏரிப் படுகைகளில் நேராக ஓட்டியவர்கள், எடை குறைந்த வண்டியில் பெரிய இன்ஜின் வைத்தவர்கள். ஃபோர்டு பாக்ஸுக்குள் லிங்கன் செஃபிர் காரின் பற்களைப் போட்டார்கள், முதல் கியர் இன்னும் நீளமாக, அதாவது ரேஷியோ குறைவாக, இருக்கட்டும் என்று. பின்னால் வந்த மன்சி எம்22 என்ற கியர் பாக்ஸில் முதல் கியரே 2.20 தான். அந்த வண்டிக்கு அது சரி, லோடும் இல்லை, கொண்டை ஊசியும் இல்லை.

ஃபோர் வீல் வண்டிக்காரர்களுக்கு ஒன்று. கிரவுனை மாற்றினால் முன்னாலும் பின்னாலும் சேர்த்து மாற்ற வேண்டும். கம்பத்தில் ஒரு நண்பர் பின்னால் மட்டும் மாற்றிக்கொண்டார், பட்டறையில் யாரும் அவரிடம் சொல்லவில்லை. சேற்றில் டயர் வழுக்கிக் கொடுத்ததால் தெரியவில்லை. காங்கிரீட் ரோட்டுக்கு வந்ததும் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றை ஒன்று இழுத்து, ஃபோர் வீல் லீவர் வெளியே வரவே இல்லை, ஜாக்கி வைத்து ஒரு சக்கரத்தைத் தூக்கித்தான் எடுத்தோம். எனக்கு முன்பின் இரண்டு 8/39 கிடைக்க ஆறு வாரம் ஆனது, காத்திருந்தேன்.

இன்னொன்று நீளம். சி.ஜே.யின் வீல்பேஸ் 80 அங்குலம்தான். ஐந்து கியர் பாக்ஸ் நீளமானது, அது உள்ளே வந்ததும் பின் அச்சுக்குச் சுற்றைக் கொண்டுபோகும் பிரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டிக் குறைக்க வேண்டியிருந்தது, குறைத்ததும் ஜாயின்ட்டின் சாய்வு கூடி 50-க்கு மேல் தரை அதிர்ந்தது. தேனியில் பேலன்ஸ் பார்த்து, பின் ஹவுசிங்கை (கிரவுன் இருக்கும் அச்சுக்கூட்டை) கொஞ்சம் மேலே திருப்பி வைத்த பிறகு அடங்கியது. பாக்ஸ் வாங்கும் முன் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

போன வாரம் லோடோடு ஏறினோம். எல்லா வளைவும் இரண்டாவதில், ஒரு இடத்தில் மட்டும் மேலிருந்து பஸ் இறங்கியதால் முதலாவது, அதுவும் ஓடும்போதே சத்தமில்லாமல் விழுந்தது. பின்னால் அக்காமார்கள் பேச்சை நிறுத்தவே இல்லை.

பாக்கி இருப்பது ஸ்பீடோமீட்டர். அதன் பல் இன்னும் 8/43-க்குத்தான், முள் 50 காட்டும்போது வண்டி 55-ல் போகிறது. சரியான பல் கிடைக்கும் வரை மீட்டர் கண்ணாடியில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.